சட்டி மூடியைத் திறந்த அண்ணைக்கு

மூண்டு நாளா எழுதுவமோ விடுவமோ எண்டு இருந்தனான். இண்டைக்குக் காலமை ஒரு குறூப்பிலை அதே வீடியோவுக்கு ஒருத்தர் "புரியாணி வேலைத்திட்டம்" எண்டு பேர் வைச்சிருக்கிறார். கீழை வரிசையாச் சிரிப்பு. சிரிச்ச ஆக்களுக்குள்ளை என்னைப் படிப்பிச்ச ஒருத்தரும் இருக்கிறார். அதோடை என்ரை பொறுமை போட்டுது.

எந்த வீடியோ எண்டு உங்களுக்குத் தெரியும், கோழி குடுத்த வீட்டுக்கு நீங்கள் கமராவோடை போய்க் கணக்குக் கேட்ட வீடியோதான். லிங்க் போடமாட்டன். அந்த அக்காவின்ரை முகம் இதுவரைக்கும் போன தூரமே காணும்.

குடுத்தது பத்துக் கோழி. இப்ப நிக்கிறது மூண்டு. மிச்சம் ஏழும் எங்கை எண்டு கேட்டது சரி, குடுத்தவர் கேக்கலாம். ஆனா அந்த அக்கா வாய் திறக்கேல்லை எண்டதும் செருப்போடை குசினிக்குள்ளை போய், அடுப்பிலை கிடந்த சட்டியின்ரை மூடியைத் தூக்கிக் கமராவுக்குக் காட்டினியள் பாருங்கோ, அண்ணை... எங்கட ஊரிலை மாமியாரே மருமகளைக் கேக்காமல் சட்டி திறக்கிறேல்லை. (சரி, திறக்கிற மாமியாரும் இருக்கினம். அது வேற பிரச்சினை.) சட்டிக்குள்ளை கிடந்தது முருங்கையிலை. கோழி இல்லை. சிரிச்ச ஆக்களிலை எத்தினை பேர் அதைக் கவனிச்சியள்?

நான் சொல்ல வாறது ஒண்டுதான். பசி இருக்கிற வீட்டுக்குக் கோழியை மட்டும் குடுத்தா அது முட்டை போடாது. அரிசியோடை சேத்துக் குடுத்தாத்தான் கோழி கோழியா நிக்கும். இதைச் சொன்னா எனக்கு "நிவாரணப் புத்தி" எண்டுறியள்.

கணக்கைப் பாப்பம். ஒரு மாதக் குஞ்சு குடுக்கிறியள். ஊர்க்கோழி முட்டைக்கு வர ஐஞ்சாறு மாதம் செல்லும். அதுவரைக்கும் அது சும்மா நிக்காது, தின்னும். வளந்த கோழி ஒண்டு நாளைக்கு நூறு கிராம் அளவிலை தின்னும். பத்துக்கு ஒரு கிலோ, மாதத்துக்கு முப்பது கிலோ. பாதியை மேய்ஞ்சு பொறுக்கித் தின்னும் எண்டு வையுங்கோ, அப்பவும் பதினைஞ்சு கிலோ வேணும். அந்த வீட்டிலை பிள்ளையளுக்கு வைக்கிற அரிசியிலை கோழிக்குப் பங்கு எங்கையிருந்து வரும்? இதுக்குள்ளை கீரி இருக்கு, மரநாய் இருக்கு, ராணிக்கெட் எண்ட கோழி நோய் வந்தா ஒரு கிழமைக்குள்ளை கூடே காலி. தடுப்பு மருந்து இருக்குத்தான். ஆனா ஒரு குப்பியைத் திறந்தா நூறு கோழிக்குக் காணும், இங்கை இருக்கிறது பத்து. இதெல்லாம் தப்பினாலும் கிழமைக்கிழமை லோன் கட்ட வேண்டிய நாள் வரும். லோன் காசு வாங்க வாறவர் முத்தத்திலை மோட்டச்சைக்கிளை நிப்பாட்டேக்கை வீட்டிலை காசாக்கக்கூடியது எண்டு நிக்கிறது அந்தக் கோழிதான்.

நீங்கள் குஞ்சு குடுத்தது எந்த மாதம்? ஐப்பசி. விதைப்பு முடிஞ்சு, மழை பிடிச்சு, கூலிக்குக் கூப்பிட ஆள் இல்லாத காலம். முந்தி மாசி பங்குனியிலை நெல் அருவி வெட்டுக்குப் போயாவது அந்தக் கடனை அடைக்கலாம். இப்ப வெட்டு மிசின் வந்து ஒரு பின்னேரத்திலை வயலை முடிச்சுப்போட்டுப் போகுது. இரணைமடுக் குளத்துத் தண்ணி வயலுக்குத்தான் ஓடும். வயல் இல்லாத சனத்துக்கு அது பாலத்தாலை போகேக்கை பாக்கிற தண்ணி. 77 கலவரம், 83 கலவரம் எண்டு அடிபட்டு மலையகத்திலை இருந்து வந்து, மேட்டுக்காணியிலை குடில் போட்டு, ஆற்றையோ வயலிலை நாள்கூலிக்கு நிண்ட குடும்பங்கள் கிளிநொச்சிப் பக்கம் எத்தினை! மூண்டு தலைமுறையா முறிஞ்ச ஆக்களைப் பாத்து "சோம்பேறி" எண்டு கொமென்ற் போடுற கைக்கு ஒரு நாளாவது மண்வெட்டி குடுத்துப் பாக்கவேணும்.

நாங்களும் இப்பிடி உதவி செய்யிற ஒரு சங்கம் வைச்சிருக்கிறம், பெரிய சங்கம் இல்லை. ஒரு கொப்பி, ஒரு வங்கிப் புத்தகம், கூட்டம் எண்டா கோயில் மடம். நாங்களும் முதல் இதே பிழையைத்தான் விட்டனாங்கள். குஞ்சு குடுத்திட்டு மூண்டு மாதம் கழிச்சுக் கணக்கெடுக்கப் போனா, கூடுதான் நிண்டுது. ஒரு வீட்டிலை கூட்டுக்குள்ளை விறகு அடுக்கி வைச்சிருந்தவை, நனையாமல் இருக்கட்டும் எண்டு. நல்ல கூடு, தகரம் போட்டது. எனக்கும் அண்டைக்குக் கோவம்தான் வந்தது, பொய் சொல்லேல்லை. இப்ப அப்பிடிக் குடுக்கிறேல்லை. ஆறு மாதத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய். ரெண்டு மாதம் போய், அடுப்பு ஒழுங்கா எரியுது எண்டு கண்டபிறகுதான் குஞ்சு. கிழமைக்கு ஒருக்கா ஒராள் போறது. கணக்குக் கேக்க இல்லை, குஞ்சு தூங்கி விழுதோ எண்டு பாக்க. எல்லாம் சரிவந்ததோ எண்டா, இல்லை. போன வருசம் ஒரு வீட்டிலை மனுசன் கோழி எல்லாத்தையும் வித்துப் போன் வாங்கினவர். அவரோடை நான் இப்பவும் கதைக்கிறேல்லை.

இது எங்கட மண்டையிலை உதிச்ச ஞானமும் இல்லை. பங்களாதேசிலை பிராக் நிறுவனம் 2002இலை ஆகக் கஸ்ரப்பட்ட குடும்பங்களுக்கெண்டு தொடங்கின திட்டத்திலை, மாடு ஆடு குடுக்கேக்கையே சாப்பாட்டுச் செலவுக்கும் ஒரு தொகை குடுத்தது. அதோடை வீட்டுக்கு ஆள் போய்ப் பாத்தது. அதே முறையை ஆறு நாட்டிலை செய்து பாத்து 2015இலை ஆய்வும் வந்தது. பலன் இருக்கெண்டு சொன்னது. ஆனா வன்னிக்கு வந்தா மட்டும் எல்லாருக்கும் "மீனைக் குடாதை, பிடிக்கப் பழக்கு" ஞாபகம் வந்திடும். பழக்குங்கோ. பழக்கிற அண்டைக்கு மத்தியானச் சாப்பாடு ஆர் குடுக்கிறது?

"வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லுங்கோ" எண்டு ஒரு ஆலோசகர். ஓம், செய்யினம். குரங்கும் மயிலும் நல்லாச் சாப்பிடுது. 2025 மார்ச் 15 நாடு முழுக்க ஐஞ்சு நிமிசம் ஒதுக்கிக் குரங்கு எண்ணினவை, ஞாபகம் இருக்கோ? எங்கட ஒழுங்கையிலை எண்ணி முடிக்க அந்த ஐஞ்சு நிமிசம் காணேல்லை.

"அஸ்வெசும கிடைக்குதுதானே" எண்டு, அரசாங்கம் வறிய குடும்பங்களுக்குக் குடுக்கிற காசைச் சொல்லி இன்னொருத்தர். ஆக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபா எண்டு 2025இலை கூட்டினவை, உண்மை. ஆக வறியவை எண்டு பேர் விழுந்தாத்தான் அந்தக் காசு. மேன்முறையீட்டுப் பத்திரத்தோடை பிரதேச செயலகத்திலை ஒருக்கா நிண்டு பாருங்கோ, பிறகு கதைப்பம்.

"தம்பி, இது நாங்கள் குளிருக்குள்ளை உழைச்ச காசு. கணக்குக் கேக்கக் கூடாதோ?" எண்டு ஒரு அண்ணை உள்பெட்டியிலை கேட்டவர். இந்தக் கேள்விக்கு நான் பகிடி விடமாட்டன். கட்டாயம் கேக்கவேணும். ரெண்டு வேலை செய்து, வீட்டு லோனும் கட்டி, அதுக்குள்ளை மிச்சம் பிடிச்சு அனுப்புற ஆக்களை எனக்கும் தெரியும். எங்கட கொப்பியிலை பாதிப் பேர் அவைதான். ரசீது தருவம், அரிசிக்கடை பில் தருவம், வந்து கொப்பியைப் பிரட்டிப் பாக்கலாம். ஆனா கணக்கு எண்டது சங்கத்திட்டைக் கேக்கிறது அண்ணை, சட்டியிட்டை இல்லை.

"உங்கட சங்கமும் படம் போடுறதுதானே" எண்டு கேக்கிற ஆக்களுக்கு: அரிசி மூடையைப் போட்டனாங்கள். மூடைக்கு முகம் இல்லை. (ஓம், ஒருக்கா ஒரு அம்மம்மாவின்ரை படமும் போட்டதுதான். ரெண்டு நாளிலை எடுத்தாச்சு.)

இனிச் சொல்லப்போறதை நான் இங்கை எழுதினதில்லை.

2010இலை மெனிக் பாம் அகதி முகாமிலை இருந்து எங்கட காணிக்கு வந்தனாங்கள். தறப்பாள், தகரம், ஆறு மாத நிவாரணம். நிவாரணம் முடிஞ்ச மாதம் ஒரு நிறுவனம் அம்மாவுக்கு ஒரு மறி ஆடு தந்தது. ஆட்டின்ரை கழுத்திலை சிவப்பு றிபன், பின்னாலை பனர். அப்பா இல்லை. அம்மா, நான், தங்கச்சி. நாப்பது நாளிலை அம்மா அந்த ஆட்டை வித்தவ. அழேல்லை. காலமை கயித்தை அவிட்டவ, பின்னேரம் அரை மூடை அரிசியும் ஒரு சவுக்காரக் கட்டியும் கொண்டுவந்தவ.

கொஞ்ச நாளிலை, ஆட்டைப் பாக்க வருவினம் எண்டு அறிவிப்பு. அம்மா பின்காணி ஐயாவின்ரை ஆட்டைக் கேட்டுக் கொண்டுவந்து கட்டினவ. வந்தவை படம் எடுத்தவை, ஒப்பம் வாங்கினவை, போட்டினம். அவை ஜீப்பிலை றோட்டாலை சுத்தி வர, நான் வேலிப் பொட்டுக்குள்ளாலை ஆட்டை இழுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு. அங்கையும் படம். பிறகு அதுக்கடுத்த வீட்டுக்கு. மூண்டாவது வீட்டிலை ஆடு களைச்சுப் படுத்திட்டுது. வந்த மிஸ் குனிஞ்சு பாத்து, "இதுக்குப் பூச்சி மருந்து குடுங்கோ" எண்டவ. எங்கையோ ஒரு அறிக்கையிலை அந்த மூண்டு ஆடும் இப்பவும் மேயுது.

அண்டைக்கு அந்த மிஸ் எங்கட சட்டியைத் திறக்கேல்லை. திறந்திருந்தா அம்மா இண்டைக்கும் இந்த ஊரிலை இருந்திருப்பாவோ தெரியாது. வீடியோவிலை அந்த அக்கா மூடியைத் திருப்பி வாங்க ரெண்டு தரம் கையை நீட்டினவ. நீங்கள் குடுக்கேல்லை. கதைச்சுக்கொண்டு, மூடியைக் கையிலை வைச்சு ஆட்டிக்கொண்டு நிண்டியள். அந்த இடத்தை நான் எத்தினை தரம் பாத்தன் எண்டு எனக்கே தெரியாது. கோழி, அரிசி எல்லாம் பேந்து கதைக்கலாம். அந்த மூடியைக் குடுத்திருக்கலாம் அண்ணை.

சனிக்கிழமை நாங்கள் அந்த வீட்டுக்குப் போறம். அரிசியோடை. படம் இல்லை. சேந்து வாற ஆக்கள் வரலாம், போன் பையுக்குள்ளை இருக்கட்டும். கொமென்ற்றிலை கோழிப் பகிடி விடுற ஆக்களை இந்த முறை புளொக் பண்ணுவன், ரீச்சர் எண்டாலும்.

போடமுதல் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினனான். "ஆட்டுக் கதையை எடு, அந்த ஐயா இன்னும் இருக்கிறார், அவருக்குக் கூச்சமாயிருக்கும்" எண்டவ. ஐயா பேஸ்புக் பாக்கிறேல்லை எண்டு சொல்லிப்போட்டுப் போடுறன்.