ரேஷன் அரிசியில் மிதப்பது பிளாஸ்டிக் அல்ல

ரேஷன் அரிசியை ஊறவைத்ததும் சில மணிகள் மிதப்பதைக் காட்டி, அது பிளாஸ்டிக் அரிசி என்று கூறும் காணொளி வாட்ஸ்அப்பில் பரவுகிறது. இது தவறு. அரிசி மாவுடன் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, அரிசி வடிவிலேயே இயந்திரத்தில் பிழிந்தெடுக்கப்படும் செறிவூட்டப்பட்ட மணிகள், 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ என்ற அளவில் கலக்கப்பட்டுள்ளன; அடர்த்தி குறைவு என்பதால் அவை மிதக்கின்றன. நிறம் சற்று மாறித் தெரிவதால் சந்தேகம் எழுவது இயல்புதான். ஆனால் ரத்தசோகையைக் குறைக்கச் சேர்த்த சத்தையே பொறுக்கியெடுத்துக் குப்பையில் கொட்டுவது வீண். வெந்தபின் விரலால் நசுக்கினால் அந்த மணி மாவாக மசியும். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சேர்க்க வேண்டிய சத்துகளின் அளவை, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில் சரிபார்க்கலாம். அக்காணொளியை மேலும் பகிர வேண்டாம்.