தள்ளுவது மட்டும் போதாது

“சக்கர நாற்காலியைக் கையால் தள்ளுகிறவர்களுக்கு அதுவே உடற்பயிற்சி, தனியாக எதுவும் வேண்டாம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குள் மெதுவாக நகரும்போது பெரும்பாலும் மூச்சே வாங்காது. அதோடு, தள்ளத் தள்ள நெஞ்சும் முன்தோளும்தான் அதிகம் உழைக்கின்றன, முதுகுப் பக்கத் தசைகள் பின்தங்கிவிடும். பல வருடம் தள்ளியவர்களிடம் தோள்வலி இவ்வளவு சகஜமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த முதுகுத் தசைகளுக்காக, நாற்காலியின் பிரேக்கைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பியில் உடற்பயிற்சி ரப்பர் பட்டையை மாட்டி, முழங்கைகள் பின்னால் போகிற மாதிரி இழுத்துப் பாருங்கள். தோள்பட்டை எலும்புகள் இரண்டும் நெருங்கி வர வேண்டும். வலித்தால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் மாற்றுத்திறனாளிகளுக்கும் சேர்த்தே சொன்னது இது: வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு, 2 நாளாவது தசைப் பயிற்சி. அவ்வளவு முடியாவிட்டாலும் சரி, முடிந்ததைச் செய்தாலே பலன் உண்டு.