நகரத்து வீட்டில் கோழி வளர்ப்பும் பக்கத்து வீட்டாரின் தூக்கமும்

ஊரில் எல்லார் வீட்டிலும் கோழி இருந்தது, சத்தம் என்று யாரும் யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை, இங்கே மட்டும் ஏன் இவ்வளவு புகார் என்று நகரத்தில் கோழி வளர்க்கும் நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். மதுரைப் புறநகரில் ஐந்து சென்ட் மனையில் பெட்டைக்கோழிகள் வளர்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் கேள்வியில் நியாயம் இல்லை. கிராமத்தில் சத்தம் பொதுவாக இருந்தது உண்மை. முட்டையும் குஞ்சும் எருவும் அதேபோல எல்லா வீட்டுக்கும் இருந்தன. என் வீட்டுக் கோழி உங்கள் குப்பைமேட்டைக் கிளறினால், உங்கள் வீட்டுக் கோழி என் களத்தில் காயும் நெல்லைக் கொத்தும், இரண்டும் நேராகிவிடும். இங்கோ தெருவில் ஒரு வீட்டில்தான் கோழி இருக்கிறது, சுற்றியிருக்கும் வீடுகளுக்கெல்லாம் சத்தம் மட்டும் போய்ச் சேருகிறது. எனவே பக்கத்து வீட்டாரின் நிம்மதியைக் காக்கும் பொறுப்பு முழுக்க முழுக்க வளர்ப்பவருடையது என்பதே என் கருத்து.

அந்தப் பொறுப்பில் முதலாவது, சேவல் வேண்டுமா என்ற முடிவு. பெட்டைக்கோழி முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால்தான் கருக்கூடிய முட்டை வேண்டும். வீட்டுச் சமையலுக்கான முட்டைக்குச் சேவலின் பங்கு எதுவும் இல்லை. ஆண்டாண்டாகக் கோழி வளர்க்கும் குடும்பங்களில்கூட இதை நம்ப மறுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்டைக்கோழி எழுப்பும் சத்தம் பெரும்பாலும் மனிதர்கள் பேசிக்கொள்ளும் அளவில், முட்டையிட்ட நேரத்தில் மட்டும் சற்றுக் கூடுதலாக இருக்கும். அருகில் நின்று அளந்தால் சேவலின் கூவல் 90 டெசிபெல்லையும் எட்டும். நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இருக்க வேண்டிய அளவு 45 டெசிபெல் மட்டுமே. சேவல் கூவுவதோ விடியலுக்கு முந்தைய நேரத்தில், அதுவும் ஒரு முறையோடு நிற்பதில்லை.

சேவலை இருட்டறையில் அடைத்துவிட்டால் கூவாது என்று சிலர் வழி சொல்வார்கள். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. மாறாத மங்கிய வெளிச்சத்திலேயே வைத்திருந்தபோதும் சேவல்கள் கிட்டத்தட்ட ஒரு நாள் அளவுள்ள சுழற்சியில், தம் உடலுக்குள் இருக்கும் கடிகாரத்தின் கணக்கில் கூவின. வழக்கமான நாள்களில் வெளிச்சம் வருவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பே தொடங்கின. அதே குழுவினர் 2015-இல், கூட்டத்தில் மூத்த இடத்தில் இருக்கும் சேவல்தான் முதலில் கூவுகிறது, மற்றவை அதன் வரிசையில் தொடர்கின்றன என்றும் கண்டார்கள். ஆகவே இருட்டு ஓரளவு தாமதப்படுத்தலாம், தடுக்காது. கழுத்தில் பட்டை கட்டுவதும், தலை நிமிர்த்த முடியாதபடி தாழ்வான கூண்டில் இரவு முழுவதும் அடைப்பதும் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லாத வழிகள். கூவுவது அதன் இயல்பு. அந்த இயல்புக்கு இடமில்லாத மனையில் சேவலை வைத்துக்கொண்டு அதன் கழுத்தை நெருக்குவது கொடுமை.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. சந்தையில் வாங்கும் நாட்டுக்கோழிக் குஞ்சுகளில் பாதி சேவலாகத்தான் வளரும், சிறு குஞ்சாக இருக்கும்போது நமக்கு அடையாளம் தெரியாது. கொண்டையும் வாலும் காட்டிக்கொடுப்பதற்குள் வீட்டுப் பிள்ளைகள் பெயர் வைத்துவிடுவார்கள், பிறகு அனுப்ப மனம் வராது. ஆகையால் நகரத்தில் தொடங்குபவர்கள் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது முட்டைக்கு வரும் பருவத்திலுள்ள விடைக்கோழிகளையே வாங்குவது நல்லது. குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட சேவலை வீட்டிலேயே வளர்க்க வேண்டும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வேண்டுதலை நான் மதிக்கிறேன். ஊரில் இருக்கும் பங்காளி வீட்டிலோ மாமன் வீட்டிலோ அதை விட்டுவைத்து, திருவிழாவுக்கு அங்கிருந்து கொண்டுபோனால் சாமி ஒன்றும் குறை சொல்லாது. முருகன் கொடியிலேயே சேவல் இருக்கிறதே என்று வாதிடுவது, காலை நான்கு மணிக்கு விழித்துக்கொண்ட கைக்குழந்தையின் தாய்க்கு எந்த விதத்திலும் பதில் ஆகாது.

பெட்டைக்கோழிகள் மட்டும் இருந்தாலும் சத்தம் இல்லாமல் போவதில்லை. நான் கோழி வாங்குவதற்கு முன் இரண்டு பக்கத்து வீடுகளிலும் போய்க் கேட்டேன். ஒரு வீட்டில் தாராளமாக வளருங்கள் என்றார்கள். இன்னொரு வீட்டில் இருப்பவர் மருத்துவமனையில் செவிலியர், மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. “அண்ணே, எனக்கு விடியக்காலம் பிரச்சினையே இல்லை, பகல்லதான் நான் தூங்கணும்” என்றார். அவர் சொன்ன பிறகுதான் பெட்டைக்கோழியின் சத்தம் பெரும்பாலும் பகல் சத்தம் என்பதை நான் ஊன்றி யோசித்தேன். ஒரு முட்டை உருவாகி வெளிவர ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதலான நேரம் ஆவதால், இன்று காலை எட்டு மணிக்கு இட்ட கோழி நாளை ஒன்பதுக்கோ அதற்குப் பிறகோதான் இடும். நான்கு கோழிகள் இருந்தால் காலை முதல் நண்பகல் தாண்டியும் ஒன்று மாற்றி ஒன்று கொக்கரித்துக்கொண்டிருக்கும். அவருடைய படுக்கையறை இருந்த பக்கத்தைத் தவிர்த்து, எங்கள் சமையலறைச் சுவரை ஒட்டி முருங்கை மரத்தடியில் கூண்டை அமைத்தேன். நடுவில் வீடே நிற்பதால் சத்தம் அந்தப் பக்கம் குறைந்துதான் போகிறது.

கொக்கரிப்பை விடவும் முட்டையிடுவதற்கு முன் வரும் முறையீடுதான் நீளமானது. இதைக் கவனித்திருக்கிறீர்களா? முட்டைக்கு வந்த கோழி கூண்டுக்குள் போகும், வெளியே வரும், மூலை மூலையாகத் தலையை நீட்டிப் பார்க்கும், இழுத்து இழுத்துக் குரல் கொடுக்கும். கூடையில் ஏற்கனவே ஒன்று உட்கார்ந்திருந்தால், வாசலிலேயே நின்று அது எழுந்திருக்கும்வரை கத்தும். வைக்கோல் போட்ட இன்னொரு கூடையை நிழலில், முன்பக்கம் சாக்குத் திரை தொங்கவிட்டு வைத்தால் இந்தச் சத்தத்தில் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. இரண்டாவது கூடையைக் கோழி ஏற்றுக்கொள்ள, அதில் ஒரு பழைய முட்டையையோ முட்டை வடிவக் கல்லையோ சில நாள் போட்டு வைக்க வேண்டும். மதில்மேல் பூனை நடந்தால் ஒன்று கத்தும், உடனே எல்லாம் சேர்ந்துகொள்ளும். அதற்குக் கூண்டின் அந்தப் பக்கத்தைப் பார்வை படாமல் மறைத்துவிடுவதே எளிய வழி. காலையில் பஞ்சாரத்தைத் திறக்கும் நேரமும் தண்ணீரும் தீனியும் வைக்கும் நேரமும் தினமும் ஒன்றாக இருந்தால், பசியில் கூப்பாடு போடுவது குறையும். ஞாயிற்றுக்கிழமை நாம் தாமதமாக எழுந்தால் தெருவே எழுந்துவிடும்.

நாற்றம், ஈ, எலி ஆகியவற்றைப் பற்றி நீளமாகச் சொல்லவில்லை. தரையில் நெல் உமியோ தேங்காய் நார்த்தூளோ கனமாகப் பரப்பி, கிளறிவிட்டு, ஈரம் படாமல் காத்து, மிச்சத் தீனியை இரவில் வெளியே விடாமல் எடுத்துவிட்டால் அவை கட்டுக்குள் இருக்கும். ஆனால் நாற்றத்தால் வெறுத்துப்போன அண்டை வீட்டார்தான் சத்தத்தையும் புகாராக எழுதுகிறார்கள் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

மாதம் ஒருமுறை பக்கத்து வீட்டுக்கு முட்டை கொடுப்பது நல்ல பழக்கம், நானும் கொடுக்கிறேன். ஆனால் முட்டை வாங்கிக்கொண்டவர் புகார் சொல்லக்கூடாது என்று எதிர்பார்ப்பது தவறு. முட்டை சாப்பிடாத வீடும் நம் தெருவில் இருக்கும். அவர்களுக்கும் தூக்கம் ஒன்றுதான். அவர்களிடம் ‘ஏதாவது தொந்தரவு இருந்தால் என்னிடமே சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்’ என்று நாமே முன்கூட்டிச் சொல்லி வைப்பதுதான் முட்டையைவிடப் பயன் தரும்.

பிரான்சில் ஓலெரோன் தீவில் மோரிஸ் என்ற சேவல்மீது வழக்குப் போடப்பட்டு, 2019 செப்டம்பரில் நீதிமன்றம் சேவலின் உரிமையாளர் பக்கம் தீர்ப்பளித்ததை நண்பர் ஒருவர் எனக்கு எடுத்துக்காட்டினார். 2021 ஜனவரியில் அந்நாட்டில் கிராமப்புற ஒலிகளையும் மணங்களையும் மரபாகப் பாதுகாக்கும் சட்டமும் வந்தது. அங்கே புகார் கொடுத்தவர்கள் விடுமுறைக்கு வந்து தங்கும் வீடு வைத்திருந்தவர்கள். நம்மிடமும் அதே நிலை சில இடங்களில் உண்டு: வயலை மனையாக்கி நாம் வீடு கட்டிக் குடியேறிய இடத்தை ஒட்டி, தலைமுறையாக ஆடும் கோழியுமாக வாழ்ந்துவரும் பழைய ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரரின் சேவலை எடுக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை, பிந்தி வந்த நாம்தான் பழகிக்கொள்ள வேண்டும். ஆனால் மனைப்பிரிவுக்குள் எல்லோரும் ஒரே காலத்தில் வந்தவர்கள். அங்கே நேற்றுச் சேவல் வாங்கிய ஒருவர் மரபு என்று சொல்வது பொருந்தாது.

எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தில் இப்போது கோழி வளர்ப்பையே முழுவதுமாகத் தடை செய்ய வேண்டும் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. அதை நான் எதிர்க்கிறேன். நியூயார்க் போன்ற நெரிசலான மாநகரத்திலேயே பெட்டைக்கோழி வளர்க்க அனுமதி உண்டு, சேவலுக்குத்தான் தடை. அடுத்த கூட்டத்தில் நான் முன்வைக்கப்போவதும் ஏறக்குறைய அதுதான்: சேவல் கூடாது, கோழிகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வேண்டும், கூண்டு பக்கத்து வீட்டுப் படுக்கையறைச் சுவரை ஒட்டி இருக்கக்கூடாது, புதிதாகத் தொடங்குபவர் இரு பக்கத்து வீட்டாரிடமும் பேசிய பிறகே கோழி வாங்க வேண்டும். இந்த நான்கில் எதையாவது ஏற்க முடியாதவர்கள், குறிப்பாக ஏற்கனவே சேவல் வைத்திருப்பவர்கள், காரணத்தைக் கீழே எழுதினால் கூட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்ளலாம்.