பென்சீனைப் பற்றியும் எழுதுங்கள்

ரத்த அணுக்கள் குறைந்துகொண்டே போகும் நோய்க்கு வயதும் மரபணுவும்தான் காரணம் என்பதுபோல் உங்கள் கட்டுரையை முடித்துவிட்டீர்கள், செய்யும் வேலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பெட்ரோலிலும் சில பசைகளிலும் இருக்கும், எளிதில் ஆவியாகிற பென்சீன் என்ற வேதிப்பொருளின் பெயரே வரவில்லையே! 1960களில் இஸ்தான்புல்லில் செருப்பு தைக்கும் சின்னச் சின்னப் பட்டறைகளில் பென்சீன் கலந்த பசை புழங்கியது. காற்றோட்டமே இல்லாத அறையில் நாள் முழுக்க அதைச் சுவாசித்தவர்களில் பலருக்கு எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவது குறைந்தது, அப்புறம் சிலருக்கு ரத்தப் புற்றுநோயே வந்தது. முசாஃபர் அக்சோய் என்ற துருக்கி மருத்துவர் 1970களில் இதைப் பதிவு செய்தார். பசையை மாற்றிய பிறகு புதிதாக வருகிற நோயாளிகள் குறைந்தார்கள்.

நம் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. சரி, ஆனால் பங்க்கில் நிற்கும் பிள்ளைகள் தினமும் மணிக்கணக்கில் அந்த ஆவியிலேயே நிற்கிறார்களே. பைப் தானாக நின்ற பிறகும் வண்டியை ஆட்டி "இன்னும் கொஞ்சம் போடுப்பா" என்று கழுத்துவரை நிரப்பச் சொல்கிறோம், ஆவி நேராக அவர்கள் முகத்துக்குத்தான் போகிறது. சிந்தியதைத் துடைத்த துணியைச் சட்டைப் பையிலேயே செருகிக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் நோய் வந்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் வருடம் ஒருமுறை ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் சாதாரணப் பரிசோதனையையாவது முதலாளி செலவில் செய்ய வேண்டும். காரணம் தெரியாத ரத்தசோகையோடு வருகிறவரிடம் மருத்துவர் முதலில் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்க வேண்டும், இரும்புச்சத்து மாத்திரை எழுதுவது அதற்கு அப்புறம்தான்.