பிள்ளைங்க சாப்பிடாது

"அந்தக் காலத்து ருசி இப்ப எங்கே இருக்கு?" என்று கேட்கிற பதிவு ஒன்று அடிக்கடி கண்ணில் படுகிறது. கூடவே கண்ணாடி ஜாடியில் தேன் மிட்டாய், கமர்கட், ஜவ்வு மிட்டாய் படம். கீழே வரிசையாகப் பெருமூச்சு. லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவதுதான் என் வழக்கம். இன்று கொஞ்சம் எதிர்த்துப் பேசலாம் என்று தோன்றுகிறது.

தேன் மிட்டாயையே எடுத்துக்கொள்வோம். அதில் அன்றைக்கும் தேன் கிடையாது. அரிசியும் உளுந்தும் ஆட்டிய மாவில் சிவப்புச் சாயம் கலந்து, சின்னச் சின்ன உருண்டையாக எண்ணெயில் போட்டு எடுத்து, சர்க்கரைப் பாகில் ஊறவிட்டால் தேன் மிட்டாய். இன்றைக்கும் அதேதான். ஆசையாக வாங்கி வாயில் போட்டால் முதல் உருண்டை பரவாயில்லை, மூன்றாவது திகட்டுகிறது. உடனே "எல்லாம் கலப்படம், முன்ன மாதிரி இல்ல" என்று கடைக்காரர் தலையில் பழியைப் போட்டுவிடுகிறோம். பக்கத்தில் நிற்கிற பிள்ளை மிச்சம் முழுவதையும் தின்றுவிட்டு விரலை நக்குவதைக் கவனிப்பதில்லை.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் மோனெல் என்றொரு ஆய்வு மையம் இருக்கிறது. ருசியும் மணமும்தான் அவர்கள் ஆராய்ச்சியே. பெரியவர்களுக்குத் திகட்டுகிற அளவு சர்க்கரை கரைத்த தண்ணீர் குழந்தைகளுக்குச் சரியான இனிப்பாக இருப்பதை அங்கே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். பதின்வயதின் நடுவில்தான் அந்த ஆசை இறங்குகிறது. எலும்பு வளர்கிற காலத்துக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாகவும் சொல்கிறார்கள். ஆக, பத்து வயதில் நமக்கு ருசித்த இனிப்பு நாற்பத்தைந்தில் திகட்டுவதற்கு ஜாடியில் எதுவும் மாறியிருக்க வேண்டியதில்லை.

சரக்கே மாறவில்லை என்றும் சாதிக்க மாட்டேன். புளிப்பாக, கோணல்மாணலாக இருந்த நாட்டுத் தக்காளி போய், லாரியில் நசுங்காமல் வருகிற தடித்த தோல் தக்காளி வந்துவிட்டது. பலகாரக் கடைகளில் கடலை எண்ணெய் இருந்த இடத்தில் பாமாயில். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் வெல்லப் பாகுக்குப் பதில் குளுக்கோஸ் பாகு ஊற்றிச் செய்ததை எங்கேயோ தின்றுவிட்டு, "இதுக்கா இவ்வளவு பேச்சு" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இதெல்லாம் உண்மையான இழப்புதான். அதைப் பற்றிப் புலம்புங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

எனக்குப் புரியாதது வேறு. போன ருசிகளுக்கு இத்தனை பதிவு இருக்கிறதே, வந்த ருசிகளைப் பற்றி ஏன் யாருமே எழுதுவதில்லை? சுண்டைவத்தல், மிதுக்கவத்தல், பனங்கிழங்கு, உளுந்தங்களி, எள்ளுத் துவையல், பழைய சோற்று நீராகாரம் என்று சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியதெல்லாம், இப்போது ஊரிலிருந்து யார் வந்தாலும் "கொண்டு வந்தீங்களா" என்று கேட்க வைக்கிறதே, அதை?

என் கணக்கில் முதலிடம் அதலைக்காய்க்கு. கரிசல் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்காக: கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர், அருப்புக்கோட்டை வட்டாரத்தில் ஐப்பசி மழை விழுந்ததும் காட்டில் தானாகக் கொடியோடுகிற காய். யாரும் விதைப்பதில்லை. கோடை முழுக்கக் கிழங்கு கறுப்பு மண்ணுக்குள்ளேயே கிடந்து, ஈரம் பட்டதும் துளிர்விடும். பாகற்காய்க்குச் சொந்தம், ஆனால் பெருவிரல் அளவுகூட வராது. கசப்பில் சொந்தக்காரனுக்குச் சளைத்ததில்லை. பறித்தால் வைத்திருக்க முடியாது, சட்டென்று கெட்டுவிடும். அதனால் வெளியூர்ச் சந்தைகளுக்கு அதிகம் போவதில்லை. சென்னையில் அதலைக்காய் என்றால் காய்கறிக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

ஆச்சி அதை ஆய உட்கார்ந்தாலே நாங்கள் தெருவுக்கு ஓடிவிடுவோம். காயின் இரண்டு முனையையும் கிள்ளி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு சுருள வதக்குவாள். வீடு முழுக்க ஒரு கசந்த வாசனை ஏறும். எங்களுக்கு என்று தனியாக எதுவும் கிடையாது. ரசமும் அப்பளமும் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். "தின்னுடி" என்று ஆச்சி ஒருநாளும் வற்புறுத்தவில்லை. "வேண்டாம்னா போ, எங்களுக்கு ரெண்டு வாய் கூட ஆச்சு" என்பாள். தாத்தாவும் அத்தையும் அதைச் சோற்றில் பிசைந்து சாப்பிடுவதை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

எந்த வருஷம் எனக்கு அது பிடிக்க ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கல்லூரி விடுதியிலிருந்து ஊருக்கு வந்திருந்தபோது நானே சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் ஞாபகம்.

பிள்ளை கசப்பைத் துப்பினால் நாம் அதைப் பிடிவாதம் என்கிறோம். அது பாதிதான் உண்மை. 1931ல் டுபாண்ட் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு பொடியைக் கொட்டும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் "என்ன இவ்வளவு கசக்கிறது" என்று முகம் சுளிக்க, ஃபாக்ஸுக்கோ ஒன்றுமே தெரியவில்லை. ஒரே பொருள் ஒருவருக்குக் கசக்கும், இன்னொருவருக்குக் கசக்காது, அது பிறப்பிலேயே வருவது என்ற ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கியது. பிற்பாடு அதற்கான மரபணுவையும் கண்டுபிடித்தார்கள். அதே மரபணு அமைப்பு இருந்தாலும், தாய்க்குத் தெரியாத மெல்லிய கசப்பு பிள்ளைக்குத் தெரிகிறது என்பது அதற்கும் பின்னால் தெரியவந்தது. இயற்கையில் விஷம் பலதும் கசக்கும். நடக்கத் தெரிந்து, கண்ணில் கண்டதை வாயில் போடுகிற வயதில் அந்த எச்சரிக்கை இருப்பது நல்லதுதானே. இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதுச் சாப்பாடு எதைக் கண்டாலும் பிள்ளைகள் மிரளுவதும் இதே கதைதான்.

அப்படியானால் வயதானால் தானாக வந்துவிடும், விட்டுவிடலாமா? அங்கேதான் நான் மாறுபடுகிறேன். வயது கதவைத் திறந்துவிடும், உள்ளே வர வேண்டிய சாப்பாடு வீட்டில் இருக்க வேண்டும். பழக்கம் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 2001ல் மோனெல் மையத்தார் வெளியிட்ட ஓர் ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் சில தாய்மார்களைக் கேரட் சாறு குடிக்கச் சொன்னார்கள், வேறு சிலரைப் பால் கொடுக்கும் மாதங்களில் குடிக்கச் சொன்னார்கள். அந்தக் குழந்தைகள் பின்னாளில் கேரட் கலந்த கூழை மற்றக் குழந்தைகளைவிட முகம் சுளிக்காமல் சாப்பிட்டன. வளர்ந்த பிள்ளைகளுக்கும் இதே சங்கதிதான். ஒரு காயைப் பத்துப் பதினைந்து தரம் கொஞ்சம் கொஞ்சமாக ருசி பார்த்த பிறகுதான் பல பிள்ளைகள் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். நாம் மூன்றாவது தரத்திலேயே கையைத் தூக்கிவிடுகிறோம். அப்புறம் அந்தக் காயே வீட்டுக்குள் வருவதில்லை.

"பிள்ளைங்க சாப்பிடாது." ஒரு பதார்த்தத்தை வீட்டை விட்டுத் துரத்த இந்த இரண்டு வார்த்தை போதும். என் வயதுப் பெண்கள் பலரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். சுண்டைவத்தல் குழம்பு வைக்கத் தெரியும், பிடிக்கவும் செய்யும், ஆனால் வைப்பதில்லை. காரணம் இதுதான். முன்பெல்லாம் பெரியவர்களுக்குச் சமைப்பார்கள், பிள்ளைகள் அதில் தங்களுக்கானதைப் பொறுக்கிக்கொள்ளும். இப்போது பிள்ளைகளுக்குச் சமைக்கிறோம், பெரியவர்கள் அதையே சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறோம். உருளைக்கிழங்கு வறுவல், முட்டைப் பொரியல், தக்காளி சாதம், பன்னீர். பத்து வயது நாக்குக்கு ஏற்ற சாப்பாட்டை நாற்பது வயதிலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

"ரெண்டு சமையலா செய்ய முடியும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் வீட்டிலும் சமைப்பது நான்தான், வேலைக்கும் போகிறேன். இரண்டு சமையல் செய்யச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாளாவது நம் நாக்குக்கு ஒன்று செய்துகொள்வோம், பிள்ளை அன்றைக்குத் தயிர்ச்சோறு சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது என்கிறேன். வத்தல் குழம்பு மூன்று நாள் தாங்கும் சமாச்சாரம், அடுப்படியில் கூடுதலாக நிற்க வேண்டிய வேலையும் இல்லை. சமைக்கிறவளுக்குப் பிடித்தது அவள் வீட்டு அடுப்பில் ஏறுவதே இல்லை என்றால் அது என்ன நியாயம்?

இதை வைத்து அந்தக் கால வளர்ப்பைத் தூக்கிப் பிடிப்பதாக நினைக்க வேண்டாம். வயிறு சுத்தமாக வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றியதும் அதே வீட்டில்தான். அந்த வாசனை இன்றைக்கும் எனக்குக் குமட்டும். வயதாகியும் அது மட்டும் மாறவில்லை. யாரும் திணிக்காத அதலைக்காய் தானாக வந்து சேர்ந்தது, திணித்த விளக்கெண்ணெய் இன்றுவரை வாசல் தாண்டவில்லை. பாகற்காயை ஊட்டக் கரண்டியோடு துரத்துகிற அம்மாக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நாக்கு மட்டும்தான் காரணம் என்றும் இல்லை. என் அப்பாவுக்குக் கம்பங்கூழ் ஆகாது. 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த சமயத்தில் ஊரெல்லாம் கம்பும் கேழ்வரகும் பேச்சாக இருந்தது. ஓட்டலில் மண் கலயத்தில் கூழ் வாங்கி, மோர் மிளகாயோடு அவர் முன்னால் வைத்தேன். "சோத்துக்கு வழியில்லாமக் குடிச்சதை இப்ப காசு குடுத்துக் குடிக்கியா" என்றார், தொடக்கூட இல்லை. அவர் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்ப்பக்கம் இட்லி என்றால் தீபாவளி, பொங்கலுக்குத்தான். எனக்கு அது தினப்படி. என் மகளோ "இன்னைக்கும் இட்லியா" என்று சிணுங்குகிறாள். அப்பாவிடம் போய் நார்ச்சத்து, இரும்புச்சத்து என்று பேசுவதில் அர்த்தமில்லை. கம்பில் அவருக்குத் தெரிவது அந்த வருஷங்கள். இட்லி கிடைக்காமல் வளர்ந்தவர் கம்பை வெறுக்கலாம், இட்லியில் வளர்ந்த நான் கம்பை ரசிக்கலாம். இரண்டுமே அவரவர் நியாயம்.

அப்பாவுக்கு இப்போது வேறொரு மாற்றமும் வந்திருக்கிறது. எதிலும் உப்பு இல்லை, உறைப்பு இல்லை என்கிறார். நல்ல இனிப்பாக ஒரு காபி கேட்கிறார். அம்மா கோபப்படுகிறார். அறுபதைத் தாண்டினால் மோப்பம் குறைய ஆரம்பிக்கும், ருசியில் பெரும்பங்கு மோப்பம்தான். ஜலதோஷத்தில் சாப்பாடு சப்பென்று போவதை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். போதாததற்கு மாத்திரைகள். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் சிலருக்கு வாயில் ஓர் உலோகச் சுவையை விட்டுச் செல்லும். பாவம், அவர் குறை சொல்வது அம்மா கைப்பக்குவத்தை இல்லை. உப்பைக் கூட்டாமல் மிளகு, பெருங்காயம், பூண்டு, வறுத்த சீரகம் என்று வாசனையைக் கூட்டிப் பார்த்தோம். கொஞ்சம் குறை குறைந்திருக்கிறது. காபியில் மட்டும் சமரசத்துக்கு வர மறுக்கிறார்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. கசப்பு எதுவானாலும் "உவ்வே". எங்கள் வீட்டில் நான் வைத்திருக்கிற ஒரே ஏற்பாடு, செய்தது எதுவானாலும் அவள் தட்டு ஓரத்தில் ஒரு துண்டு விழும். சாப்பிட வேண்டும் என்ற கட்டாயமில்லை, ஒதுக்கிவைக்கலாம், என் தட்டுக்குத் தள்ளிவிடலாம். போன கார்த்திகையில் ஊரிலிருந்து தம்பி பஸ்ஸில் வரும்போது மஞ்சள் பையில் அதலைக்காய் கொண்டுவந்தான். மகள் ஒரு துண்டை நுனிநாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே எடுத்து என் தட்டில் போட்டாள். எனக்கு ஒரு துண்டு கூடுதல்.

யாருக்காவது இந்த மழைக்காலத்தில் அதலைக்காய் கிடைத்தால் அன்றைக்கே செய்துவிடுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். முனை கிள்ளி, கழுவியதும் தண்ணீரை வடித்துவிடுங்கள். நல்லெண்ணெய் தாராளமாக, கடுகு, உளுந்தம்பருப்பு, காய்க்குச் சமமாகச் சின்ன வெங்காயம். சிறுதீயில் மூடாமல் வதக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு, காய் சுருங்கி ஓரம் கருகத் தொடங்கும்போது இறக்க வேண்டும். புளித்தண்ணீர் தெளிப்பது உங்கள் இஷ்டம். கசப்பு தெரியாமல் இருக்க வெல்லம் போடலாமா என்று ஒருத்தி கேட்டாள். பிள்ளைக்கு என்றால் ஒரு சிட்டிகை போட்டுக்கொள்ளட்டும். நாற்பது வயதுக்கு மேல் போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.