மிச்சம் முப்பத்திநாலு தவணை

(திருகோணமலை டச்சு பே கடற்கரை, பின்னேரம் ஐந்தரை மணி. கச்சான் வண்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டோ. உள்ளே குணம், கையில் போன். அவனைத் தேடி சீட்டுக் கொப்பியோடு வருகிறார் சந்திரா அக்கா. பள்ளிக்கூட விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். இப்போது நாற்பது பேருக்குச் சீட்டுப் பிடிக்கிறார். தலைக்கு மாசம் பத்தாயிரம். குணம் மூன்றாம் குலுக்கலிலேயே நாலு லட்சத்தையும் தூக்கிவிட்டான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.)

அக்கா: குணம், பத்தாம் திகதி ஏழாவது குலுக்கல் முடிஞ்சுது. இண்டைக்குப் பதின்மூண்டு. உன்ர தவணை எங்க?

குணம்: அக்கா, முதல்ல இதில இருங்கோ. பெரிய விசயம். 2029 சித்திரை 13, வெள்ளிக்கிழமை, உலகம் முடியுது. அப்போபிஸ் எண்டு ஒரு விண்கல் வருது.

அக்கா: வரட்டும். தவணை?

குணம்: அழியப்போற உலகத்துக்கு ஆராவது காசு கட்டுவினமோ?

அக்கா: (கொப்பியைத் திறந்து விரல்விட்டு எண்ணுகிறார்) சீட்டுத் தொடங்கினது 2026 தை. நாப்பதாவது தவணை 2029 சித்திரை 10. நீ சொல்லுற அழிவுக்கு மூண்டு நாள் முந்தியே எல்லாம் முடியுது. மிச்சம் 34 தவணை, மூண்டு லட்சத்து நாப்பதாயிரம். கட்டிப்போட்டுக் கடன் இல்லாமல் சாகலாம்.

குணம்: பகிடி விடாதேங்கோ. இது சாத்திரக்காரர் சொன்னதில்லை. விஞ்ஞானியளே 2.7 வீதம் எண்டு சொன்னவை. முதல்ல 300இல ஒண்டு எண்டவை, நாலு நாளில 37இல ஒண்டாக்கிப்போட்டினம். கிட்டக் கிட்ட வருது, விளங்குதோ?

அக்கா: கல் கிட்ட வரேல்லயடா, துண்டு குறைஞ்சது. நான் சீட்டுக் குலுக்கிற பால்மா ரின்னை யோசிச்சுப் பார். உள்ளுக்க 300 துண்டு. ஒவ்வொரு துண்டும் கல் போகக்கூடிய ஒவ்வொரு பாதை. ஒரு துண்டில மட்டும் ‘பூமி’ எண்டு எழுதியிருக்கு. தொலைநோக்கியால ஒருக்காப் பார்க்க, கல் போகவே ஏலாத பாதையளை எடுத்து எறியலாம். பூமித் துண்டு இன்னும் உள்ளுக்கதான். மிச்சம் 37 துண்டு எண்டால்?

குணம்: 37இல ஒண்டு.

அக்கா: அவ்வளவுதான். சரியா அளக்க அளக்க வீதம் கொஞ்ச நாள் ஏறத்தான் செய்யும். பிறகு பூமித் துண்டையும் எடுத்து எறியிற அளவு வரும், ஒரேயடியா விழும். 2004 மார்கழி 27ஆம் திகதி அதுதான் நடந்தது. அதே வருசம் பங்குனியில எடுத்த பழைய படங்களில அந்தக் கல் ஒரு புள்ளியா விழுந்திருந்ததைத் தேடிப் பிடிச்சினம். ஒன்பது மாசம் பின்னுக்கு ஒரு புள்ளி கிடைச்சதும் பாதை இறுகிப்போச்சு. 2029க்கு மோதல் இல்லை.

குணம்: 2004 மார்கழி 27ஓ?

அக்கா: ஓம். அடுத்த நாள்.

(இருவரும் கொஞ்ச நேரம் கடலைப் பார்க்கிறார்கள். கச்சான் வறுக்கிற சத்தம் மட்டும்.)

அக்கா: உலகத்து வானியலாளர் எல்லாம் மேல பார்த்துக்கொண்டு நிண்ட கிழமை அது. சுமாத்திராவில நிலம் அதிர்ந்து ரெண்டு மணித்தியாலத்தில கடல் இஞ்ச வந்திட்டுது. முதல் நாள் ஒரு சாத்திரியும் வாய் திறக்கேல்ல.

குணம்: பிறகு வந்து எல்லாரும் “எனக்கு முன்னமே தெரியும்” எண்டாங்கள். (தொண்டையைச் செருமி) சரி, 2029 இல்லை எண்டால் 2036, 2068 எண்டும் வீடியோ போடுறாங்களே.

அக்கா: அதுவும் போச்சு. 2021 பங்குனியில கலிபோர்னியாவில இருக்கிற 70 மீற்றர் டிஷ்ஷால ராடர் அடிச்சினம். கல் அப்ப ஒரு கோடியே எழுபது லட்சம் கிலோமீற்றர் தூரத்தில. தூரத்தை 150 மீற்றர் பிழைக்குள்ள அளந்தினம். இஞ்சயிருந்து அந்தச் சைக்கிள் கடை மட்டும் எவ்வளவு?

குணம்: அதுவே 150 மீற்றர் வரும்.

அக்கா: அதுதான் பிழை, அவ்வளவு தூரத்துக்கு. குறைஞ்சது நூறு வருசத்துக்கு மோதாது எண்டு அப்பவே சொல்லியாச்சு.

குணம்: எண்டாலும் 2029இல 32,000 கிலோமீற்றர்தானாமே. ஓட்டோ ஓடுறவனுக்கு அது பெரிய தூரமில்லை.

அக்கா: கொழும்புக்கு அறுபது தரம் போய்வாற தூரம். வாடகை கேப்பியோ மாட்டியோ? (வண்டிலுக்குப் பக்கத்துக் குவியலிலிருந்து ஒரு செவ்விளநீரைத் தூக்கி ஓட்டோ சீற்றில் வைக்கிறார்.) இது பூமி. இதே மாதிரி ரெண்டரை இளநீரை வரிசையா வைச்சால் எவ்வளவு தூரம் வரும், அவ்வளவு தள்ளித்தான் அது போகும். கல் ஏறத்தாழ 340 மீற்றர். இந்த இளநீர் அளவுக்குப் பூமியைச் சுருக்கினால், கல் கண்ணுக்குத் தெரியாத தூசி.

வண்டில்காரர்: (உள்ளேயிருந்து) பூமிக்கு இருநூறு ரூபா!

குணம்: அந்தப் பக்கம்தானே டிஷ் அன்டெனா சற்றலைற் நிக்குது, அதில முட்டினால்?

அக்கா: அதுவள் மத்தியகோட்டுக்கு மேல 35,786 கிலோமீற்றரில வளையமா நிக்குதுகள். கல் சாய்வா வந்து தாண்டும். உன்ர மனிசி நாடகம் பார்க்கலாம். இன்னுமொண்டு, விழுந்தால்கூட ஒரு நாட்டைச் சீரழிக்கத்தான் இந்தக் கல் காணும். டைனோசரை முடிச்சது பத்துக் கிலோமீற்றர் கல். ஆபத்தே இல்லாத கல் எண்டு நான் சொல்லேல்ல, உலகத்தை அழிக்கிற கல் இல்லை எண்டுதான் சொல்லுறன்.

குணம்: (விடாமல்) 2012இல மாயன் நாட்காட்டி முடிஞ்சதே?

அக்கா: உன்ர ஓட்டோ மீற்றர் 99,999 ஓடினால் பிறகு என்ன வரும்?

குணம்: அஞ்சு சைபர்.

அக்கா: ஓட்டோ வெடிச்சுதோ? மாயன் கணக்கில 144,000 நாள் ஒரு கட்டு. பதின்மூண்டு கட்டு முடிஞ்சு அடுத்தது தொடங்கினது, அவ்வளவுதான். நிபிரு எண்டு ஒரு கிரகம் 2003 வைகாசியில மோதும் எண்டினம். மோதேல்ல. உடன திகதியை 2012க்கு மாத்திப்போட்டினம். கிரகமளவு ஒண்டு சில மாசத் தூரத்தில வந்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும், தொலைநோக்கி தேவையில்லை. அமெரிக்காவில ஹரோல்ட் கேம்பிங் எண்ட வானொலிப் போதகர் உலகம் முடியிற நாள் 2011 வைகாசி 21 எண்டார். விடிஞ்சுது. ஐப்பசி 21 எண்டார். அதுவும் விடிஞ்சுது. இந்தத் திகதி மாத்திறதை நான் எங்கயோ கண்டிருக்கிறன்.

குணம்: எங்க?

அக்கா: (கொப்பியைக் காட்டி) இஞ்ச. “வாற திங்கள்”, “சம்பளம் வந்தோண்ண”, “திருவிழா முடிய”. எல்லாம் உன்ர கையெழுத்து.

குணம்: சரி, கல்லை விடுங்கோ. கிரகமெல்லாம் நேர்கோட்டில வந்து இழுத்தால்?

அக்கா: 2000 வைகாசி 5ஆம் திகதி வந்துதுகள்தானே, உனக்குத் தலை சுத்தினதோ? கடலை உயர்த்துற இழுவை, தூரம் கூடினால் தூரத்தின்ர கன அளவில குறையும். ரெண்டு மடங்கு தூரம், எட்டில ஒண்டு. வியாழன் எவ்வளவு பெரிசா இருந்தாலும், அது எங்கட கடலை இழுக்கிறது நிலா இழுக்கிறதில லட்சத்தில ஒரு பங்குக்கும் குறைவு. நிலா இழுத்தே எங்கட கரையில தண்ணி முழங்கால் அளவுதான் ஏறி இறங்குது.

குணம்: (கணக்குப் போடுகிறான்) அப்ப 13ஆம் திகதி இரவு ஒண்டும் தெரியாதோ?

அக்கா: தெரியும். இந்து சமுத்திரத்துக்கு மேலாலதான் கடக்குது. முகில் இல்லாட்டி ஒரு நட்சத்திரம் நகருற மாதிரித் தெரியும். பூமிக்கு ஆகக் கிட்ட வாற நேரம் எங்களுக்கு விடியப்புறம் மூண்டேகால். அப்ப அது அத்திலாந்திக் பக்கம் போயிருக்கும். இஞ்ச 14ஆம் திகதியும் பிறந்திருக்கும், வருசப் பிறப்பு. நீ பயப்பிடுற வெள்ளிக்கிழமை பதின்மூண்டு, எங்களுக்கு மருத்துநீர் வைக்கிற நாள்.

குணம்: (கண் மின்ன) நிலாவெளிக் கடற்கரைக்கு ஆக்களை ஏத்தினால்? போகவர மூவாயிரம், கச்சானும் சேர்த்து!

அக்கா: அந்த அட்வான்சிலயாவது இந்த மாசத்தைக் கட்டு.

குணம்: (சட்டைப் பையைத் துழாவி) இந்தாங்கோ, ஏழாயிரம். மிச்சம் மூவாயிரம் வெள்ளிக்கிழமை கட்டாயம்.

அக்கா: (பேனையைத் திறந்து) எந்த வெள்ளிக்கிழமை?