முட்டை 15 ரூபாய், சிரிப்பு இலவசம்

நேற்று நம்ம ஏரியா வாட்ஸ்அப் குழுவில் ஓடிய பஞ்சாயத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். "நாட்டு முட்டை 15 ரூபாயாம், உள்ளே தங்கமா இருக்கு?" என்று கேட்ட சார், வீட்டில் கோழி வளர்த்து நான் விற்கிற முட்டைத் தட்டின் படத்தையே போட்டிருந்தார். நான் காபி போட உள்ளே போன நேரத்தில் எடுத்த படம். காபியைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

சரி, விலைக்கு வருவோம். பண்ணை முட்டை இதைவிட விலை குறைவுதான், யார் இல்லை என்றது? பண்ணையின் வெள்ளைக் கோழி வருஷத்துக்கு 300 முட்டை இடும். நாட்டுக்கோழி 60, 70 இட்டாலே பெரிய விஷயம். பத்துப் பன்னிரண்டு இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். அடை 21 நாள். அப்புறம் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தோட்டம் முழுக்கக் கிளறித் திரியும் மாதங்கள். அவ்வளவு நாளும் முட்டை கிடையாது, தீனி மட்டும் உண்டு. நீங்கள் கொடுக்கும் 15 ரூபாயில் கோழி முட்டையிடாத நாளின் கம்பும் நொய்யும் சேர்ந்திருக்கிறது. இதை எத்தனை முறைதான் சொல்வது?

"சும்மா மேயுற கோழிக்கு என்னங்க செலவு?" என்று ஒருவர். எங்கள் வண்டிப்பாளையத்தில் கீரிக்கும் பருந்துக்கும் தெரியும் என்ன செலவு என்று. அதைவிட வெள்ளைக் கழிச்சல் என்கிற கோழி நோய். அது வந்தால் காலையில் கூண்டைத் திறக்கும்போது கழுத்து திருகிக் கிடக்கும், எச்சம் பச்சையும் வெள்ளையுமாக இருக்கும், ஒன்றுக்கு வந்தால் அடுத்ததற்கும் வரும். பிப்ரவரியில் கால்நடை மருந்தகத்தில் இலவசமாகத் தடுப்பூசி போடுகிறார்கள், புண்ணியம். அதற்கப்புறம் பொரிக்கிற குஞ்சுகளுக்கு? கடையில் வாங்கினால் ஒரு குப்பி 100 கோழிக்கான சொட்டு மருந்து. என்னிடம் இருப்பது ஒரு டஜன் சொச்சம். கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சம் கீழேதான். பிளாஸ்கில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்து, தெருவில் கோழி வைத்திருக்கிற எல்லோரையும் கூப்பிட்டு, குஞ்சைக் கையில் மல்லாத்திப் பிடித்துக் கண்ணில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அப்புறம் தங்கத்தைப் பற்றிப் பேசலாம்.

"நாட்டு முட்டையில் சத்து அதிகம்னு ஏமாத்துறாங்க." நான் எப்போது சொன்னேன்? சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, அளவிலும் சிறியது. மஞ்சள் கரு நிறமாக இருப்பதற்குக் காரணம் அது தின்கிற பச்சை. பிடித்தால் வாங்குங்கள், இல்லையென்றால் விடுங்கள். ஆனால் அட்டைப்பெட்டியில் ஆறு பழுப்பு முட்டையை அடுக்கி பெரிய கடையில் வைத்தால் வாயைத் திறக்காமல் வாங்குகிறீர்களே, அந்த ஓட்டின் நிறம் கோழி இனத்தைப் பொறுத்தது. பண்ணைக் கோழியும் பழுப்பு முட்டை இடும். அங்கே பில் போடும் பெண்ணிடம் "ரெண்டு ரூபா குறைச்சுக்கம்மா" என்று கேட்டதுண்டா? பேரமெல்லாம் திண்ணையில் மட்டும்தான் வரும்.

சேவல் கூவுகிறது என்றும் ஒரு புகார். ராத்திரி பதினோரு மணிக்கு ரிவர்ஸ் எடுக்கும்போது உங்கள் கார் பாடுகிற பாட்டை நான் சகித்துக்கொள்ளவில்லையா? நாற்றம் என்று சொன்னவருக்குப் பதில் இல்லை. தெருமுனைச் சாக்கடையை முதலில் பார்க்கட்டும்.

"வீட்டில் இருக்கிற பொம்பளை சும்மா பொழுதுபோக்குக்குச் செய்யுறது, இதுக்கு விலையா" என்று எழுதியதுதான் நெஞ்சில் நிற்கிறது. 2011 தானே புயலில் கூண்டு கூரையோடு போனபோது, தப்பிய கோழிகளை அடுப்படியில் வைத்துக் காப்பாற்றியது பொழுதுபோக்கா? ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்றைக்கும் மாடிப்படிக்கு அடியில் சாக்கு விரித்துத்தான் வைக்கிறேன்.

அதற்குக் கீழே யார் சிரிப்புப் பொம்மை போட்டது என்றும் பார்த்தேன். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், வேறு முட்டை கொடுக்க மனசு வரவில்லை என்று வாரா வாரம் வாங்கிப்போகிற அக்கா. விலை அதிகம் என்றால் நேரில் சொல்லியிருக்கலாமே அக்கா. குறைத்திருப்பேனா என்றால், மாட்டேன். உங்களுக்கென்று எடுத்து வைத்திருந்ததை இன்று காலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். சிவப்புக் கோழியும் நேற்று அடைக்கு உட்கார்ந்துவிட்டது, அடுத்த முட்டைக்கு நாளாகும்.